நான்காம் பொருள்

சார்ஜென்ட் அவென்யூவில் லுத்தரன்காரர் கோயில்.
ஞாயிறு நாலு மணிக்கு மேல்
அதன் நிலவறை எங்களுக்கு.
மாதம் முந்நூறு டாலர்.
பியானோவைத் தொடக் கூடாது,
அடுப்பைக் கேட்டுத் தொடலாம்.

நான் செயலாளன்.
பச்சை அட்டை நோட்டில்
மூன்று பனிக்காலமாய் இதையே எழுதிவந்தேன்:
நான்காம் பொருள்: தெருவில் இருப்போருக்குச் சூடான உணவு.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள்.
நகராட்சி உரிமம் முதலில் என்றார் ஞானசிகாமணி.
இருபது வருடம் வங்கியில் இருந்தவர்,
கையெழுத்து இல்லாத காகிதத்தை நம்ப மாட்டார்.
வேன் இருந்தால் செய்யலாம் என்றார்கள் வாலிபர்கள்.
எப்சிபா அக்காவுக்கு ஒரே கவலை:
"நம்ம காரம் அவங்க வயித்துக்கு ஆகுமா?"
போதகர் சுவிசேஷமுத்து கண்ணை மூடி,
கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்போம் என்பார்.
ஆமென் என்போம்.
எல்லாரையும்விட நான்தான் சத்தமாய்.
பிறகு சமோசா.
மிஞ்சியது அலுமினியத் தாளில் சுருண்டு
அவரவர் வீட்டுக்குப் போகும்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
மைனஸ் முப்பத்துநாலு.
வேலையிடத்தில் காரின் வயரைச் செருக மறந்திருந்தேன்;
மாலையில் அது இரண்டு முறை இருமிவிட்டுச் செத்தது.
வின்னிபெக்கில் பதினோரு வருடம்,
பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள்
அன்றைக்குத்தான் முதன்முதலாய் நின்றேன்.

மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.
காலணி இருந்தது. காலுறை இல்லை.
பாதம் இரண்டிலும்
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை,
கணுக்காலில் ரப்பர் வளையம்.
முழுக் கோதுமை என்று எழுதியிருந்தது.
அன்றன்றுள்ள அப்பம் கேட்டு
அன்று காலைதான் ஜெபித்திருந்தேன்.

பஸ் வந்தது.
ஏறிவிட்டேன்.
இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்,
குறிப்பேடு என்றால் எல்லாம்தானே.

வீட்டில் பருப்பு கொதித்தது,
எனக்கு மட்டும் என்று வைத்தது.
கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு
நான் வெட்டி ஒட்டிய படம் ஞாபகம் வந்தது:
யோர்தான் கரை, பெட்டியைச் சுமக்கிற ஆசாரியர்கள்,
நீலத் துணித் தண்ணீர்.
பிளந்த நதியைத்தான் எப்போதும் ஒட்டுவோம்.
அதற்கு முன்னால்,
நதி நதியாகவே ஓடிக்கொண்டிருக்கும்போது
ஒருவனுடைய பாதம் நனைந்ததே,
அந்தப் படத்தை யாரும் வெட்டவில்லை.

பிளாஸ்கின் மூடி சரியாய்த் திருகாது.
துணி சுற்றினேன்.
திரும்பிப் போக நாற்பது நிமிஷம்.
காற்று நிற்கவில்லை, சமாதானம் எதுவும் இறங்கவில்லை,
கையுறையில் பருப்பு கசிந்து உறைந்தது.
போயிருப்பாள் என்று பாதி வழி நினைத்தேன்;
போயிருக்கட்டும் என்று மீதி வழி.

இருந்தாள்.
ஒரு மடக்கு குடித்து இருமினாள்.
"யாரைக் கொல்ல இவ்வளவு மிளகு?"
சிரித்தாள். முழுக்கக் குடித்தாள்.
பெயர் டோரீன்.
இன்னும் இருக்கிறதா என்று கேட்பாள் என நினைத்தேன்.
"காலுறை வைத்திருக்கிறாயா?" என்றாள்.

ஞாயிறு. கூட்டம். நான்காம் பொருள்.
சொன்னேன்.
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
"உரிமம் இல்லாமலா?" என்றார் ஞானசிகாமணி.
"உப்பு சரியா இருந்துச்சா?" என்றாள் எப்சிபா அக்கா.
"தெரியல. மிளகு கூடிப்போச்சு."
போதகர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.
பேனாவின் மூடியைக் கழற்றி
ஞானசிகாமணிதான் மறுபடி கேட்டார்:
"கால் என்ன அளவு?"

ஒத்திவைக்கப்பட்டது என்று
கை தானாக 'ஒ' போட்டிருந்தது.
அடித்துவிட்டு எழுதினேன்:
காலுறை, கம்பளி, பன்னிரண்டு ஜோடி.
டோரீனின் அளவு தெரியாது.
வியாழன் கேட்க வேண்டும்.